புது ஆல்பம் வருதுன்னா ஏன் இந்தச் சண்டை? வடசென்னை பங்க் ராக் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கமும் தேடினாலும் எழுபதுகளில் கிளம்பிய, வேகமும் கோபமும் கலந்த எளிய ராக் இசையான பங்க் ராக் கேட்கிறவர்கள் இங்கே கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் ஒத்துப்போவதில்லை. கலிபோர்னியாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு பேண்ட், "அடுத்த ஆல்பம் ரெடி, இந்த முறை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸான அத்தோ தட்டோடு ஆரம்பிக்கிற வாக்குவாதம், கடைக்காரர் அடுப்பை அணைக்கும்வரை ஓடும். புதிதாக வந்து சேர்கிற தம்பி தங்கைகள் எப்போதும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம், எனக்கும் கட்சி உண்டு.

சண்டை என்ன, சுருக்கமா சொல்லுங்க?

மூன்று கட்சி. முதல் கட்சி "பழைய மாதிரியே போடு, போதும்" என்கிறது. இரண்டாவது கட்சி "அதே ஆல்பத்தை எத்தனை தடவைதான் போடுவாங்க?" என்று கேட்கிறது. மூன்றாவது கட்சிக்கு இசையே இரண்டாம்பட்சம். பாட்டில் கோபம் இருக்கிறதா, யார்மேல் கோபம் என்பதுதான் அவர்கள் கணக்கு. ஒரே ஆள் பேண்டுக்குப் பேண்ட் கட்சி மாறுவதும் நடக்கும். கலிபோர்னியா பேண்டான கிரீன் டே மாறவே கூடாது என்பவர், லண்டன் பேண்டான தி கிளாஷ் மாறியதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்.

பங்க்னாலே மூணு கார்டு (கிடாரில் சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்), ரெண்டு நிமிஷம். இதுல மாற என்ன இருக்கு?

நியாயமான கேள்வி. நியூயார்க் பேண்டான ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரைமணி நேரத்துக்கும் குறைவு. செலவு சுமார் 6,400 டாலர் என்பார்கள். அந்த அச்சில் வார்த்ததுதான் பங்க் என்று நினைத்தால் மாற இடமில்லைதான்.

ஆனால் அந்த அச்சுக்குள்ளேயே எத்தனை திருகாணி இருக்கிறது என்று பாருங்கள். ஜானி ரமோன் கிடாரை எப்போதும் மேலிருந்து கீழாகவே அடித்தார். கை மேலே திரும்பும்போது கம்பியைத் தொட மாட்டார். அந்த இடைவிடாத இரைச்சல் வருவது அதனால்தான். இன்னொருவர் அதே கார்டை மேலும் கீழும் மாற்றி அடித்தால் ஒலி இளகிவிடும். வலது உள்ளங்கையைக் கம்பிமேல் லேசாக அழுத்தி வாசித்தால் 'ஜக் ஜக்' என்று சுருங்கும். டிரம்மர் ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மை அடிக்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால், வேகம் கூடாமலேயே பாட்டு இரண்டு மடங்கு ஓடுவதாகத் தோன்றும். இதற்கு அப்புறம் குரல் இருக்கிறது. கத்தலா, பாட்டா, பின்னால் இரண்டு பேர் ஒத்துப் பாடுகிறார்களா? கீபோர்டு வந்துவிட்டதா? பாட்டு ஐந்து நிமிடம் தாண்டிவிட்டதா?

"ஸ்லோவா இருக்கு மச்சி" என்று நம் ஆட்கள் சொல்கிற பாட்டுகளில் பாதி நிஜத்தில் ஸ்லோ கிடையாது. டிரம்ஸ் அடிக்கும் விதம்தான் மாறியிருக்கும். எதிர்க்கட்சியோடு மோதும் முன் இதைக் காதால் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது.

'ஒரிஜினல் சவுண்ட்'னு எதைச் சொல்றாங்க?

அவரவர் உள்ளே நுழைந்த கதவைத்தான். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பதிலைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர்கள் பர்மா பஜார் சி.டி. காலத்து ஆட்கள். ஆங்கிலப் பாட்டு என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுகிற சி.டி.க்களில் கிரீன் டேயின் 'டூக்கி' இருந்தது. 1994-ல் வந்த ஆல்பம். அவர்களுக்கு அதுதான் ஒரிஜினல். அடுத்த செட், டி.வி. மியூசிக் சேனலில் 2004-ன் 'அமெரிக்கன் இடியட்' பார்த்து வந்தது. கடைசி செட் யூடியூபில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, நேராக ஹார்ட்கோரில், அதாவது இன்னும் வேகமான, கத்தலான பங்க்கில், போய் விழுந்தது. அவர்களுக்குக் கிரீன் டே என்றாலே பழைய காலத்துப் பாப்.

சரி, 'டூக்கி'யே ஒரிஜினல் என்கிற அண்ணன்கள் பெர்க்லி நகரத்தில் 924 கில்மன் தெரு என்கிற கிளப்பில் போய் அதைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கிரீன் டே வளர்ந்த இடம் அது. அதை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். பெரிய ரெக்கார்டு கம்பெனியில் சேர்ந்த பேண்டுக்கு அங்கே மேடை கிடையாது என்பது விதி. ரீப்ரீஸ் என்ற பெரிய கம்பெனியோடு கையெழுத்துப் போட்டதும் கிரீன் டேவுக்குக் கதவு சாத்தப்பட்டது. 'டூக்கி' வந்தபோது அங்கிருந்த பலருக்கு அது துரோகத்தின் ஒலிநாடா. அந்தப் பேண்ட் மறுபடி அந்த மேடையில் ஏறியது 2015-ல்தான், அதுவும் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக.

அதாவது, நம் அண்ணன்கள் காப்பாற்றச் சொல்கிற 'பழைய சவுண்ட்' வேறொரு ஊரில் வேறொரு கூட்டம் ஏற்கெனவே அழுது தீர்த்த 'புது சவுண்ட்'. இதைச் சொன்னால் யாரும் கட்சி மாறப் போவதில்லை, தெரியும். ஆனால் ஒருவர் "ஒரிஜினல்" என்று ஆரம்பித்ததும் "நீங்க எந்த வருஷம் கேக்க ஆரம்பிச்சீங்கண்ணா?" என்று கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே புரிந்துவிடும்.

மாறி ஜெயிச்ச பேண்ட் எது?

எல்லோரும் சொல்வது தி கிளாஷ். நானும் அதையேதான் சொல்வேன், ஆனால் காரணம் வேறு.

1977-ல் வந்த முதல் ஆல்பம் நேரடிப் பங்க். இரண்டே வருடத்தில், 1979 டிசம்பரில், 'லண்டன் காலிங்'. அதில் ஜமைக்காவின் ரெகே இருக்கிறது, ஸ்கா இருக்கிறது, ராக்கபில்லி இருக்கிறது, ஜாஸ் வாடை அடிக்கிற பாட்டும் இருக்கிறது. 19 பாட்டு, இரண்டு இசைத்தட்டு. விலை மட்டும் ஒரு தட்டுக்கு உரியது. இலவசமாக ஒரு கூடுதல் தட்டு தருகிறோம் என்று கம்பெனியைச் சம்மதிக்க வைத்து, அந்தக் கூடுதலை முழு ஆல்பமாக ஆக்கிவிட்டார்கள். ரசிகன் பாக்கெட்டில் கை வைக்காமல் ரசிகனின் பொறுமையில் மட்டும் கை வைத்த ஆல்பம் என்று நான் சொல்வதுண்டு.

அந்த ரெகே எங்கிருந்து வந்தது? பேஸ் வாசித்த பால் சிமனன் பிரிக்ஸ்டனில் வளர்ந்தவர். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த பகுதி. ரெகே அவருக்குத் தெருவில் கேட்ட இசை. முதல் ஆல்பத்திலேயே ஒரு ஜமைக்கப் பாட்டை எடுத்து அவர்கள் வாசித்திருக்கிறார்கள். ஆக, புது ஆல்பத்துக்காக வெளியே போய் வாங்கி வந்த சரக்கு இல்லை. வீட்டில் முதலிலிருந்தே இருந்ததை இரண்டு வருடம் கழித்து நடுக்கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

நான் பார்ப்பது அதைத்தான். புது ஆல்பத்தில் ஒரு புது வாத்தியம் கேட்டால், பழைய ஆல்பத்தில் அதன் தடயம் எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் நம்புவேன்.

அடுத்த வருடமே 'சாண்டினிஸ்டா' என்று மூன்று தட்டு ஆல்பம் போட்டார்கள். அதை முழுக்க ஒரே மூச்சில் கேட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான்.

மாறிக் கெட்டது?

பேட் ரிலிஜன். கெட்டு, திரும்பி, நன்றாகவும் ஆனது. அதனால் இந்தக் கதை இரண்டு கட்சிக்கும் பயன்படும்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பையன்கள். 1982-ல் முதல் ஆல்பம், வேகமான ஹார்ட்கோர், பெயர் கிடைத்தது. அடுத்த வருடம் 'இன்டு தி அன்னோன்'. சிந்தசைசர், நீளப் பாட்டு, நிதானமான வேகம். எழுபதுகளின் புரோக்ரெசிவ் ராக் பக்கம் போய்விட்டார்கள். ஆல்பம் முடிவதற்குள்ளேயே பேஸ் வாசித்த ஜே பென்ட்லி விலகினார். பத்தாயிரம் பிரதி அடித்து அனுப்பியதாகவும், கிட்டத்தட்ட அத்தனையும் திரும்பி வந்ததாகவும் சொல்வார்கள். கிடார் வாசித்த பிரெட் குரேவிட்ஸ் பிற்பாடு, பத்தாயிரம் அனுப்பினோம், பதினோராயிரம் திரும்பி வந்தது என்று கிண்டலடித்தார். பல வருடம் அந்த ஆல்பத்துக்கு மறுபதிப்பே இல்லை.

பிறகு 1985-ல் ஒரு சின்ன வெளியீடு. அதன் பெயரிலேயே மன்னிப்பு இருந்தது: 'பேக் டு தி நோன்'. பழைய கட்சிக்காரர்கள் கதையை இங்கே நிறுத்தி, "பார்த்தியா, திரும்பி வந்துட்டாங்க" என்பார்கள். நிறுத்தாமல் 1988 வரை வாருங்கள். 'சஃபர்' என்ற ஆல்பம், 15 பாட்டு, 26 நிமிடம். வேகம் இருக்கிறது. ஆனால் 1982-ன் வேகம் இல்லை அது. இரண்டு மூன்று குரல் ஒன்றுமேல் ஒன்றாக ஏறிப் பாடுகின்றன, அகராதி தேவைப்படுகிற சொற்கள் வருகின்றன, மெட்டு மனதில் ஒட்டுகிறது. தொண்ணூறுகளின் கலிபோர்னியப் பங்க் முழுக்க இந்த ஆல்பத்தைப் பார்த்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டது. திரும்பிப் போனதாகச் சொல்கிற இடத்தில் அவர்கள் அதுவரை இருந்ததே இல்லை.

தோற்ற ஆல்பம் எப்படி இருக்கும்? கேட்டுப் பாருங்கள், மோசமில்லை. மெட்டெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்த வயதில் அந்தப் பையன்களுக்கு அந்த இசையில் அவசரம் எதுவும் இல்லை, அதுதான் குறை. ஆர்வம் இருந்தது, அவசரம் இல்லை.

முதல்ல திட்டிட்டு அப்புறம் கொண்டாடினது உண்டா?

நிறைய. இரண்டு போதும்.

அமெரிக்க ஹார்ட்கோர் பேண்டான பிளாக் ஃபிளாக்கின் 'மை வார்', 1984. முதல் பக்கம் வழக்கமான பாய்ச்சல். தட்டைத் திருப்பினால் மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், இழுத்து இழுத்துப் போகும். வேகத்துக்காக வந்த ஹார்ட்கோர் பையன்கள் கொதித்துப் போனார்கள். அந்த இரண்டாம் பக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் மெல்வின்ஸ் பேண்ட். அவர்கள் வழியாக அந்த மந்தமான கனம் சியாட்டில் பக்கம் போய்ச் சேர்ந்தது. நிர்வாணாவின் கர்ட் கோபெய்ன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் இதை எழுதி வைத்திருந்தார்.

இன்னொன்று, ஸ்வீடனின் ரெஃப்யூஸ்ட். 'தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்', 1998. பங்க்கின் எதிர்கால வடிவம் இதுதான் என்று பெயரிலேயே அறிவித்துவிட்டு, நடுவில் ஜாஸ், மின்னணு ஒலி என்று என்னென்னவோ சேர்த்தார்கள். அதே வருடம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து நிறுத்த, அத்தோடு பேண்டும் கலைந்தது. பிறகுதான் உலகம் அந்த ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டது. 2012-ல் மறுபடி ஒன்று சேர்ந்து பெரிய மேடைகளில் வாசித்தார்கள்.

"அப்போ எல்லாத் தோல்வியும் பின்னாடி மாஸ்டர்பீஸ் ஆயிடுமா?" என்று உடனே கேட்பீர்கள். ஆகாது. பெரும்பாலானவை தோல்வியாகவே தூசி படிந்து கிடக்கின்றன.

'செல் அவுட்' ஆயிட்டாங்கன்னு எப்போ சொல்லலாம்?

காசுக்காகத் தன்னையே விற்றுவிட்டான் என்று பொருள்படும் இந்த வார்த்தையைச் சண்டையின் முதல் அரைமணியில் யாரும் எடுக்கக் கூடாது என்பது என் ஆசை. எடுத்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும். 1977 ஜனவரியில் தி கிளாஷ் சி.பி.எஸ். கம்பெனியோடு கையெழுத்துப் போட்டபோதே பங்க் செத்தது என்று எழுதினார்கள். அப்போது அவர்களின் முதல் ஆல்பமே வந்திருக்கவில்லை.

கம்பெனி சின்னதாக இருந்தால் சுத்தம் என்பதும் சரிவராது. தி ஆஃப்ஸ்பிரிங்கின் 'ஸ்மாஷ்' 1994-ல் எபிடாஃப் என்ற சுயேச்சைக் கம்பெனியிலிருந்து வந்து கோடிக்கு மேல் விற்றது. அந்தக் கம்பெனி யாருடையது? மேலே பார்த்த பிரெட் குரேவிட்ஸுடையதுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தச் சண்டையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கானாவில் பார்த்ததுதானே. சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டு, தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் சினிமாவுக்குள் போனது. 2006-ல் கானா உலகநாதனும், 2012-ல் கானா பாலாவும் திரையில் குரல் கொடுத்து ஊர் முழுக்கத் தெரிந்த ஆட்களானார்கள். "சினிமாக்குப் போன கானா கானாவே இல்ல" என்று புளியந்தோப்பில் ஒருவர் சொல்வார். "போகலைன்னா நம்மளை எவன் பாத்திருப்பான்?" என்று பக்கத்திலேயே இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் கானாவில் ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது. பாட்டு போகும்போது பாடினவனும் கூடப் போனானா, இல்லை மெட்டு மட்டும் போனதா? பங்க்கிலும் இதைக் கேட்கலாம். மெட்டு மட்டும் போயிருந்தால் எனக்கும் கோபம் வரும்.

புரொடியூசர் பேரைப் பார்த்ததும் சிலர் பதறுறாங்களே, ஏன்?

சினிமாவில் புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவர். இங்கே அப்படியில்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து, எந்த டேக் நல்லது, கிடார் எத்தனை அடுக்கு, குரல் முன்னால் வரட்டுமா பின்னால் போகட்டுமா என்று முடிவு செய்கிறவர். பேண்டின் குணத்தை அவரால் மாற்ற முடியும்.

பதறுவதற்கு ரமோன்ஸ் கதை போதும். 1980-ல் வந்த 'எண்ட் ஆஃப் தி செஞ்சுரி'யைத் தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர். அறுபதுகளில் ஒரு பாட்டுக்கு அறை நிறைய வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, ஒலியைச் சுவர் போல எழுப்பியவர். அந்த ஆளிடம் மூன்று கார்டு பேண்ட் போய் மாட்டியது. ஒரு பாட்டின் தொடக்கத்தில் வரும் ஒற்றைக் கார்டை ஜானியை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிக்கவைத்தார். முதல் ஆல்பத்தை எத்தனை மலிவாக முடித்தார்களோ, அத்தனைக்கும் சேர்த்து இதில் செலவு ஏறியது. அமெரிக்கப் பட்டியலில் ரமோன்ஸ் எட்டிய அதிகபட்ச இடமும் இந்த ஆல்பத்தால்தான், 44. ஜானிக்குக் கடைசிவரை இது பிடிக்கவில்லை. எனக்கு நாலைந்து பாட்டு பிடிக்கும், அதை எங்கள் கூட்டத்தில் சத்தமாகச் சொல்வதில்லை.

மறுபக்கம், 'லண்டன் காலிங்' தயாரித்த கை ஸ்டீவன்ஸ் பதிவின்போது நாற்காலிகளைத் தூக்கி எறிந்தார், ஏணியைச் சுழற்றினார். அந்த ஆல்பத்தின் கொதிப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்று பேண்டே ஒத்துக்கொண்டது. எனவே பெயரைப் பார்த்துப் பதறாமல், அவர் இதற்கு முன் யாரோடு என்ன செய்தார் என்று போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

டிரம்மர் மாறினா இவ்வளவு பேசணுமா?

கண்டிப்பாகப் பேச வேண்டும். பாடகர் மாறினால் ரசிகனுக்கு உடனே தெரிந்துவிடும். டிரம்மர் மாறினால், "என்னமோ மாறிடுச்சு" என்று மட்டும் தெரியும், என்னவென்று தெரியாது. அந்த எரிச்சலில்தான் "போக்கே மாறிடுச்சு" என்று குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள்.

தி கிளாஷுக்கு டாப்பர் ஹெடன் வந்தது முதல் ஆல்பத்துக்குப் பிறகு. ஜாஸும் சோலும் கையில் இருந்த ஆள். அவர் இல்லாமல் 'லண்டன் காலிங்' எழுதியிருக்கலாம், வாசித்திருக்க முடியாது. பிற்பாடு அந்தப் பேண்டின் பெரிய ஹிட்டான 'ராக் தி காஸ்பா'வில் டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் அவரே வாசித்தார். போதைப் பழக்கத்தால் அதே வருடம், 1982-ல், அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேண்ட் பழைய நிலைக்கு வரவே இல்லை.

ஒரு சிங்கிள், அதாவது தனியா வெளியிடுற ஒரு பாட்டு, கேட்டு முடிவு பண்ணிடலாமா?

வேண்டாம். 1997-ல் கிரீன் டேயின் 'நிம்ராட்' ஆல்பத்திலிருந்து ஊரெல்லாம் ஒலித்தது அக்குஸ்டிக் கிடாரும் வயலின்களும் சேர்ந்த ஒரு பிரியாவிடைப் பாட்டு. அதை மட்டும் கேட்டவன் பேண்ட் கல்யாண மண்டபத்துக்கு வாசிக்கப் போய்விட்டது என்று நினைத்திருப்பான். அதே ஆல்பத்தின் 18 பாட்டில் தொண்டை கிழியக் கத்துகிற ஹார்ட்கோரும் இருக்கிறது.

கானாவையும் பங்க்கையும் கலந்தா எப்படி இருக்கும்? நம்ம ஊர் பேண்ட் யாராவது செய்யலாமே?

எல்லாச் சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். வெளிநாட்டு பேண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று யாராவது மேசையில் தாளம் போட ஆரம்பிப்பார்கள்.

பக்கத்தில் வந்தவர்கள் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பு, இசையமைப்பாளர் டென்மா கட்டி எழுப்பியது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா பாடகர்களும் ராப் பாடகரும் ஒரே மேடையில் நின்றார்கள், பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிடாரோடு சேர்ந்து ஒலித்தன. பெயருக்கு மூலம் அயோத்திதாசர் சொன்ன 'சாதிபேதமற்ற' என்ற சொல். அவர்கள் தங்களைப் பங்க் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பங்க் கேட்டுப் பழகிய காதுக்கு, யாரைப் பார்த்து எவ்வளவு நேரடியாகப் பேசுகிறார்கள் என்பது உடனே பிடிபடும்.

இசையாகப் பார்த்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. பங்க் கிடார் தாளத்தை ஆணி அடித்தாற்போல் பிடித்து வைத்திருக்கும், நகரவிடாது. கானா பாடுகிறவர் வரியை இழுப்பார், இடையில் ஒரு பேச்சைச் செருகுவார், தாளத்துக்குப் பின்னால் போய்விட்டு விழ வேண்டிய இடத்தில் சரியாக வந்து விழுவார். இரண்டையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஏதோ ஒன்று ஊமையாகிவிடும். பெரும்பாலும் ஊமையாவது கானாதான். கிடாருக்குச் சத்தம் அதிகம். பாட்டு முழுக்க கிடார் ஓடிவிட்டு, நடுவில் எட்டு மாத்திரைக்கு மட்டும் டோலக் எட்டிப் பார்க்கிற 'கலப்பு' எனக்கு ஆகாது. அது விருந்தாளிக்குக் காட்டுகிற ஊர்ச்சுற்றல்.

செய்தால் எப்படிச் செய்யலாம்? என் யோசனை, டிரம்ஸ் செட்டையே எடுத்துவிடுவது. வேகத்தைப் பறை பிடிக்கட்டும். கிடார் அதற்குக் கீழே, மேலிருந்து கீழாக மட்டும் அடித்து, ஒரே கார்டில் நிற்கட்டும். பாடுகிறவருக்கு இழுக்க இடம் கிடைக்கும். பெரம்பூரில் கிடார் வாசிக்கிற ஒரு தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ பேஸுக்கு என்ன வேலைண்ணா?" என்றான். நல்ல கேள்வி. பேட் பிரைன்ஸைக் கேள் என்றேன். வாஷிங்டனின் கறுப்பினப் பையன்கள், ஹார்ட்கோரின் முன்னோடிகள். உலகத்திலேயே வேகமான பாட்டை வாசித்துவிட்டு, அடுத்த பாட்டில் முழு ரெகேவுக்குப் போவார்கள். ஒரே பாட்டில் இரண்டையும் கலக்கக் கஷ்டப்பட மாட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கலப்பதற்கு அப்படியும் ஒரு வழி உண்டு.

லிரிக்ஸ் பாதி புரியல. அப்புறம் எப்படி அவங்க கோபம் நமக்குப் புரியும்?

வரிகளை எடுத்து வைத்துப் படியுங்கள், அது முதல் பதில். முக்கால்வாசிப் பேர் படிப்பதே இல்லை.

இரண்டாவது, அந்தக் கோபத்தின் ஊர் நமக்கு அவ்வளவு தூரமில்லை. 1977-ல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அந்தப் பாட்டுகளில் வரும் சலிப்பு, மூடிய ஃபேக்டரி, போலீஸ் பயம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பெரம்பூர் பக்கம் பின்னி மில் மூடியபோது வேலை போன வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் விளக்கவுரை தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்த நாட்களில், எங்கள் மூன்றாவது கட்சிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள்: "அவனுங்க தேம்ஸைப் பத்திப் பாடிட்டானுங்க, நம்ம கொசஸ்தலையைப் பத்தி எவன் பாடுவான்?" அன்று டிரம்மரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் கோபம் இருந்தால் போதும், பாட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு ஒத்துவராது. நல்ல கோபத்தை மோசமான பாட்டில் போட்டால், கேட்கிறவன் இரண்டாவது தடவை போட மாட்டான்.

பேண்ட் பழையபடி பழைய புரொடியூசரைக் கூப்பிட்டிருக்கு. நல்ல செய்திதானே?

இருக்கலாம். 2020-ல் கிரீன் டே 26 நிமிட ஆல்பம் ஒன்று போட்டார்கள், கரடுமுரடான கரேஜ் ராக் பக்கம் சாய்ந்தது, ரசிகர்கள் பலருக்குக் கசந்தது. 2024 ஜனவரியில் வந்த 'சேவியர்ஸ்' ஆல்பத்துக்கு 'டூக்கி' தயாரித்த ராப் கவாலோ திரும்பி வந்தார். முதல் கட்சி வெடி வெடிக்காத குறை. கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஐம்பது வயதுக்காரர்கள் இருபது வயதின் சவுண்டில் ஐம்பது வயதின் கவலையைப் பாடுகிறார்கள். எனக்குப் பிடித்ததே அந்த முரண்தான், முதல் கட்சி அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஆல்பம் வந்தா எத்தனை தடவை கேட்டுட்டு வாயைத் திறக்கலாம்?

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி விமான நிலையம்வரை ஒரே ஆல்பம், நடுவில் பாட்டு தாண்டக் கூடாது, போனில் வேறெதுவும் பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். 'சஃபர்' என்றால் இரண்டு தடவை ஓடிவிடும். 'லண்டன் காலிங்' என்றால் இறங்கி, பிளாட்பாரத்தில் கொஞ்சம் நின்று முடிக்க வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது பிடிக்காத பாட்டை மட்டும் மறுபடி போட வேண்டும். பிடித்ததைப் போட அனுமதி இல்லை. அதற்குப் பிறகு யாரை வேண்டுமானாலும் திட்டலாம், அத்தோ செலவு திட்டுகிறவருடையது.